சுதந்திரம் என்னும் கூலியும் சுயாதீன இசையும்



இறந்தவருக்காகக் கொட்டு அடிக்கும் வழக்கம் நம் மண்ணில் உண்டு. கொட்டு அடித்தவர் இறந்தால் அவர் பெயரைச் சொல்லி நினைக்கும் வழக்கம் பொதுவில் இல்லை. எத்தனையோ தலைமுறைகளாக வாசித்தவர்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஆகவே ஒரு நினைவுரையில் பேசுவதற்கு அவர்களைப் பற்றிய பேச்சே பொருத்தமானது என்று கருதினேன்.

1. பேண்டு என்றால் எது?

இன்று கல்லூரி விழாக்களிலும் நகரத்து இசை விழாக்களிலும் 'சுயாதீன இசைக்குழுக்கள்' மேடை ஏறுகின்றன. திரைப்படத்தைச் சாராமல், பெரிய இசை நிறுவனத்தின் ஒப்பந்தத்தில் சிக்காமல், தாமே எழுதி, தாமே மெட்டமைத்துப் பாடுகிறவர்கள் என்பது அச்சொல்லின் பொருள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துப் பிள்ளைகளும் இப்போது கைபேசியில் பாட்டைப் பதிவு செய்து வெளியிடுகிறார்கள். மகிழ்ச்சிதான்.

ஆனால் இந்த வட்டாரத்தில் 'பேண்டு' என்று சொன்னால் பெரியவர்களுக்கு நினைவில் வருவது வேறொன்று. மாப்பிள்ளை அழைப்புக்கும் சாமி ஊர்வலத்துக்கும் ட்ரம்பெட், கிளாரினெட், சைடு டிரம்மோடு, சரிகை வைத்த சீருடை போட்டுத் தெருவில் நடந்தபடி வாசிக்கும் பேண்டு செட். அதற்கும் முன்னால் நையாண்டி மேளம், உறுமி, தப்பு. இவர்களுக்கும் எந்த இசை நிறுவனத்தோடும் ஒப்பந்தம் இல்லை. தங்கள் கருவியைத் தாங்களே வாங்கினார்கள், தங்கள் ஆட்டத்தைத் தாங்களே கற்றார்கள், தங்கள் குழுவைத் தாங்களே நடத்தினார்கள். இவர்களை யாரும் சுயாதீனக் கலைஞர்கள் என்று அழைத்ததில்லை.

ஏன் அழைக்கவில்லை என்பதுதான் என் உரையின் கேள்வி. சுயாதீனம் என்றால் யாரிடமிருந்து விடுதலை? நகரத்து இளைஞருக்கு அது நிறுவனத்திடமிருந்து விடுதலை. சேரியில் பிறந்த இசைஞருக்கு அது முதலில் ஊரிடமிருந்து விடுதலை. அந்த விடுதலைக்கு மூன்று படிகள் இருந்தன என்று வரலாற்றைப் பார்த்தால் தெரிகிறது. வாசிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை முதல் படி. யாருக்கு, என்ன ஊதியத்துக்கு வாசிப்பது என்று தானே முடிவு செய்யும் உரிமை இரண்டாவது. எங்கே நின்று வாசிப்பது என்ற உரிமை மூன்றாவது. முதல் படியைப் பெரும்பாடுபட்டு ஏறினோம். இரண்டாவதில் ஒரு கால் வைத்திருக்கிறோம். மூன்றாவது இன்னும் தீராத வழக்கு.

2. தோல் உள்ளே, தோல் கொடுத்தவர் வெளியே

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்தின் கருப்பொருள்களை எண்ணும்போது தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் சேர்த்து எண்ணுகிறது. குறிஞ்சிக்கு ஒரு பறை, மருதத்துக்கு ஒரு பறை. அதாவது பறை அன்று ஒரு சாதியின் அடையாளமாக இல்லை, நிலத்தின் அடையாளமாக இருந்தது. மாங்குடி கிழார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று துடியன், பாணன், பறையன், கடம்பன் என்ற நான்கு குடிகளைப் பெருமையோடு சொல்கிறது. நான்கு குடியில் இரண்டு, துடியும் பறையுமாக, தோல் கருவியின் பெயராலேயே அறியப்பட்டவை. பாணர் யாழோடு அறியப்பட்டவர்கள்.

அதே குடிகள் பக்தி இலக்கியத்துக்கு வரும்போது எங்கே நிற்கின்றன என்று பாருங்கள். பெரியபுராணத்து நந்தனார் கோயில்களின் பேரிகைகளுக்குத் தோலும் வாரும் கொடுத்தவர். வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுத்தவர். அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் ஒலித்தது. அவர் வெளியே நின்றார். உள்ளே போக அவருக்கு நெருப்பு மூட்ட வேண்டியிருந்தது. திருநீலகண்ட யாழ்ப்பாணருக்குத் திருவாரூரில் வடக்கே வேறொரு வாசல் திறக்கப்பட்டது. திருப்பாணாழ்வார் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடியவர். லோகசாரங்க முனிவரின் தோளில் ஏறித்தான் திருவரங்கத்துக்குள் போனார், அதனால் 'முனிவாகனர்' என்று பெயர் பெற்றார். ஒருவருக்கு நெருப்பு, ஒருவருக்குத் தனி வாசல், ஒருவருக்குப் பிறர் தோள். மூவரும் இசையோடு தொடர்புடையவர்கள். மூவரில் எவரும் தம் காலால், எல்லோரும் போகும் வாசல் வழியாக, சாதாரணமாக நடந்து உள்ளே போனதாகக் கதை இல்லை. இவற்றைப் பக்திக் கதைகளாகப் படிப்பவர்கள் படிக்கட்டும். நாம் இவற்றை இடம் பற்றிய ஆவணங்களாகவும் படிக்க வேண்டும்.

இந்தக் கதை பழங்காலத்தோடு முடியவில்லை. மிருதங்கம் செய்யும் கைவினைஞர்களைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' நூல் 2020 பிப்ரவரியில் வெளிவந்தது. மாட்டுத் தோலைப் பதப்படுத்தி, சுதி சேரும்வரை இழுத்துக் கட்டும் அந்தக் குடும்பங்களில் பல தலித் கிறித்தவக் குடும்பங்கள். வெளியீட்டு விழாவுக்கு முதலில் இடம் தர ஒப்புக்கொண்ட கலாக்ஷேத்ரா, பின்பு அனுமதியைத் திரும்பப் பெற்றது. விழா வேறோர் இடத்தில் நடந்தது. தோல் உள்ளே, தோல் கொடுத்தவர் வெளியே என்ற ஏற்பாட்டின் ஆயுள் எவ்வளவு நீளம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இப்போது கூலிக்கு வருவோம். கிராமத்தில் பறையடித்தவர், வெட்டியார வேலை பார்த்தவர், துணி வெளுத்தவர், முடி திருத்தியவர் ஆகியோருக்குக் களத்தில் அளந்த தானியப் பங்குக்கு ஒரு பெயர் இருந்தது. 19ஆம் நூற்றாண்டு வருவாய் ஆவணங்களிலும் அந்தப் பெயரைக் காணலாம், நம் பாட்டன்மார் வாயிலும் கேட்டிருக்கலாம். அந்தப் பெயர் 'சுதந்திரம்'. பிறப்பால் வந்த வேலைக்குப் பிறப்பால் வந்த பங்கு என்ற பொருளில் அச்சொல் வழங்கியது. ஊர்ச் சாவுக்கும் கோயில் கொடைக்கும் கூப்பிட்டபோதெல்லாம் போய் அடிக்க வேண்டும். அறுப்பு முடிந்ததும் களத்து ஓரத்தில் நின்று சுதந்திரம் வாங்க வேண்டும். வாங்கிய சுதந்திரமே அடுத்த ஆண்டுக்கான கட்டு. நாடு 1947இல் பெற்ற சுதந்திரமும் களத்து மூலையில் பெற்ற சுதந்திரமும் ஒரே எழுத்துகளால் ஆனவை. சேரிக்கு இரண்டாவதிலிருந்து விடுபட்ட பிறகுதான் முதலாவது வந்து சேரும்.

3. மறுப்பு

உலகத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் மேளத்துக்கு என்ன நடந்தது என்று ஒப்பிட்டால் நம் நிலையின் தனித்தன்மை விளங்கும். 1739இல் அமெரிக்காவின் தென் கரோலினாவில் ஸ்டோனோ ஆற்றங்கரையில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள், மேளம் கொட்டி ஆள் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டே அங்கு இயற்றப்பட்ட சட்டம், அடிமைகள் மேளமும் கொம்பும் வைத்திருப்பதைத் தடை செய்தது. அங்கே ஆண்டைகள் மேளத்தைப் பிடுங்கினார்கள். இங்கே ஆண்டைகள் மேளத்தைத் திணித்தார்கள். அங்கே மேளம் அடித்தால் குற்றம். இங்கே அடிக்க மறுத்தால் குற்றம். ஆகவே அங்கே அடிப்பது எதிர்ப்பானது, இங்கே அடிக்காமல் இருப்பது எதிர்ப்பானது.

பிறப்பின் பெயரால் சுமத்தப்பட்ட ஊர் வேலையைத் துறப்பது விடுதலையின் முன்நிபந்தனை என்பதை அண்ணல் அம்பேத்கர் தெளிவாகக் கண்டார். மகர்களின் 'வதன்' ஊழிய முறையை மாற்ற 1928இல் பம்பாய் சட்டமன்றத்தில் அவர் மசோதா கொண்டுவந்தது அதனால்தான். தமிழ்நாட்டிலும் பல மாவட்டங்களில், குறிப்பாக 1980களிலும் 1990களிலும், சேரி இளைஞர்கள் 'இனி ஊர்ச் சாவுக்கு அடிக்க வர மாட்டோம்' என்று அறிவித்தார்கள். சில ஊர்களில் பறையைக் கொளுத்தினார்கள். பதிலுக்குக் கடையில் சாமான் மறுக்கப்பட்டது, வயல் வேலை மறுக்கப்பட்டது, அடி விழுந்தது.

இதில் சட்டத்தின் இடம் என்ன என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். 1955ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தில் 1976இல் சேர்க்கப்பட்ட 7அ பிரிவு, தீண்டாமையின் பெயரால் ஒருவரைத் துப்புரவு செய்யவும், செத்த விலங்கை அகற்றவும், தோல் உரிக்கவும், தொப்புள்கொடியை அகற்றவும், அது போன்ற பிற வேலைகளைச் செய்யவும் கட்டாயப்படுத்துவது குற்றம் என்கிறது. பறையடிக்கக் கட்டாயப்படுத்துவதை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. 'அது போன்ற பிற வேலை' என்ற சொற்களுக்குள் பறையைக் கொண்டுவர வேண்டிய பொறுப்பு புகார் கொடுக்கிறவரின் தலையில் விழுகிறது.

மறுப்பு நம் வட்டாரத்தில் என்ன விலை கேட்கும் என்பதை 1997 காட்டியது. விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. ஒரு பேருந்தின் பக்கவாட்டில் தலித் வீரர் ஒருவரின் பெயர் எழுதப்பட்டதைப் பொறுக்க முடியாமல் எழுந்த கலவரத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக் கிராமங்கள் எரிந்தன. கடைசியில் அரசு எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் கழகங்களிலிருந்தும் நீக்கியது. சமம் என்று சொல்லி எல்லாப் பெயரையும் அழித்தபோது, இழந்தது யார் என்பதை நாம் அறிவோம். பொதுவெளியில் ஒரு பெயரை எழுதுவதற்கே இத்தனை என்றால், பொதுவெளியில் ஒரு மேடை போட்டு ஒலிபெருக்கியில் பாடுவது சின்னக் காரியம் அல்ல.

4. தெருவிலிருந்து மேடைக்கு

மறுத்தவர்களுக்குள்ளேயே ஒரு விவாதம் எழுந்தது, இன்னும் முடியவில்லை. இழிவின் அடையாளமான பறையை முற்றாகக் கைவிட வேண்டும் என்பது ஒரு தரப்பு. பறை இழிவல்ல, கட்டாயமே இழிவு, ஆகவே கட்டாயத்தை ஒழித்துப் பறையை மீட்க வேண்டும் என்பது மறு தரப்பு. இரண்டுக்கும் நியாயம் உண்டு. முதல் தரப்பு பேசுவது அடி வாங்கிய உடம்பின் அனுபவத்திலிருந்து. அதை வெறும் அறியாமை என்று தள்ளுகிற கலை ரசிகர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

இந்த விவாதத்துக்குத் தத்துவ அடித்தளம் அமைத்தவர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்துப் புதுப்பட்டியில் பிறந்த ராஜ் கௌதமன். 1990களின் தொடக்கத்தில் வந்த அவருடைய 'தலித் பண்பாடு', இழிவென்று ஒதுக்கப்பட்டவற்றையே எதிர்ப்பண்பாட்டின் கருவிகளாக்குவது பற்றிப் பேசியது. அதே ஊரில் பிறந்த அவர் தங்கை பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தது. நாடே பேசிய தலித் எழுத்தில் ஒரு பெரும்பங்கு இந்த மலையடிவாரத்து ஊரிலிருந்து போனது. 2024 நவம்பரில் ராஜ் கௌதமன் மறைந்தார்.

மேடையில் அதைச் செய்து காட்டியவர்களில் முதன்மையானவர் கே.ஏ. குணசேகரன். சிவகங்கைச் சீமையின் மாரந்தையிலிருந்து வந்தவர். 'தன்னானே' கலைக்குழுவோடு ஊர் ஊராகப் போய், இன்குலாப்பின் 'மனுசங்கடா'வைத் தமிழ்நாட்டின் பாட்டாக்கினார். கிராமத்தில் கூலிக்குப் பாடப்பட்ட மெட்டுகளை அரசியல் மேடைக்குக் கொண்டுவந்தார். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த 'பறட்டை' தியோபிலஸ் அப்பாவு, கர்நாடக இசை கோலோச்சிய தேவாலய வழிபாட்டுக்குள் நாட்டுப்புற மெட்டையும் சேரி மொழியையும் கொண்டுவந்தார். அந்தக் கல்லூரியின் தலித் ஆதார மையம் நடத்திய தலித் கலை விழா, நம் தெற்கு மாவட்டக் குழுக்களுக்கு ஒரு முக்கியமான முதல் மேடை. சாவு வீட்டில் இரவெல்லாம் நின்று அடித்தவர்கள் அங்கே பார்வையாளர்களின் எதிரே நின்று, தங்கள் பெயர் அறிவிக்கப்பட்ட பிறகு அடித்தார்கள். திண்டுக்கல்லில் சகோதரி சந்திராவின் சக்தி நாட்டுப்புறக் கலை மையம் பெண்கள் கையில் பறையைக் கொடுத்தது. ஆண்களுக்குக் கட்டாயமாகவும் பெண்களுக்கு விலக்காகவும் இருந்த கருவி, இருவருக்கும் விருப்பமாக மாறியது அப்படித்தான். அலங்காநல்லூரின் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது, அந்த விருதுக்குப் பின்னால் இந்த முப்பது ஆண்டு வேலை இருந்தது.

5. சாதியற்ற குழுவும் பாட்டின் சொந்தக்காரரும்

2018 ஜனவரி 6ஆம் நாள் சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' முதன்முதலாக மேடை ஏறியது. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. 'சாதிபேதமற்ற' என்ற அயோத்திதாசப் பண்டிதரின் சொல்லாட்சியிலிருந்து பெயர் பிறந்தது. கானா, ராப், ராக் மூன்றும் பறையோடும் சட்டியோடும் ஒரே மேடையில் கலந்தன. வடசென்னைச் சாவு வீடுகளில் பாடப்பட்ட கானா, பணம் கொடுத்து ஒலிக்கருவி வாங்க முடிந்தவர்களின் வகைமையாக இருந்த ராக் இசைக்குச் சமமாக நின்றது. 2020 டிசம்பரில் தொடங்கிய 'மார்கழியில் மக்களிசை', சபாக்களின் மாதமான மார்கழியிலேயே, சபாக்களின் நகரத்திலேயே நடந்தது. அடுத்த ஆண்டு மதுரைக்கும் கோவைக்கும் வந்தது. சென்னையில் தொடங்கியது நம் பக்கம் வந்துசேர ஓராண்டு போதுமாக இருந்தது. மதுரையிலிருந்து ராஜபாளையத்துக்கு வர எத்தனை ஆண்டு ஆகும் என்பது நம் கையில் இருக்கிறது.

இந்த அலையின் இரண்டு நிகழ்வுகள் பாடம் தருகின்றன. 2021 மார்ச்சில் தெருக்குரல் அறிவும் தீயும் பாடிய 'எஞ்சாயி எஞ்சாமி' உலகமெங்கும் போனது. நிலமிழந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போன முன்னோரின் நினைவு அதில் இருந்தது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் அப்பாட்டைக் குறித்துப் பேசப்பட்டபோது அறிவின் முகம் இல்லை. 2022 ஜூலையில் மாமல்லபுரம் செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாட்டு பாடப்பட்டபோதும் அறிவு மேடையில் இல்லை. சம்பந்தப்பட்ட எல்லோரும் தத்தம் விளக்கங்களைச் சொன்னார்கள். யார் சொன்னது சரி என்று தீர்ப்பளிப்பது என் வேலையல்ல. ஆனால் ஒரு பாட்டு சுயாதீனமாக இருப்பதால் அதைப் பாடியவரின் பங்கு தானாகப் பாதுகாக்கப்படுவதில்லை என்பது தெளிவு. களத்து மூலைச் சுதந்திரத்தில் அளவு ஊர்க்காரர் கையில் இருந்தது. இணையத்துச் சுயாதீனத்தில் அளவு ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. தாளைப் படிக்காமல் கையெழுத்திட்டால் அளக்கிற கை மட்டும்தான் மாறும்.

இரண்டாவது, இசைவாணி. ஆண்கள் கோலோச்சிய கானாவில் பெண்ணாக நின்று பாடி, 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர். சபரிமலைக் கோயில் நுழைவைப் பற்றி அவர் 2018இல் பாடிய பாட்டுக்காக, ஆறு ஆண்டு கழித்து 2024 நவம்பரில் புகார்களையும் வசைகளையும் மிரட்டல்களையும் எதிர்கொண்டார். கேட்டது ஒரு வாசலைப் பற்றிய கேள்விதான். மறுபடியும் இடம்.

6. அர்த்த மண்டபத்தின் படி

இதற்கு அடுத்த மாதமே, 2024 டிசம்பர் 15ஆம் நாள், இடம் பற்றிய கேள்வி ஸ்ரீவில்லிபுத்தூருக்கே வந்தது. தமிழ்நாடு அரசின் முத்திரைக்குக் கோபுரம் தந்த ஊர் என்று நாம் பெருமை பேசும் ஊர். ஆண்டாள் கோயிலில் திவ்ய பாசுர இசை, நாட்டிய நிகழ்ச்சிக்காக வந்த இளையராஜா, ஜீயர்களோடு வழிபடச் சென்றபோது அர்த்த மண்டபப் படியைத் தாண்டினார். அங்கே வரக்கூடாது என்று சொல்லப்பட்டதும் படிக்கு வெளியே நின்று மரியாதையை ஏற்றுக்கொண்டார். அக்காட்சி நாடெங்கும் பரவியது. அர்ச்சகர்கள், ஜீயர்கள் முதலியோரைத் தவிர வேறு எவரும் அர்த்த மண்டபத்துக்குள் செல்வதில்லை என்பது மரபு என்று அறநிலையத் துறை விளக்கியது. தன்னை வைத்துப் பொய்ச் செய்தி பரப்பப்படுகிறது, தன் சுயமரியாதையை எங்கும் விட்டுக்கொடுத்ததில்லை என்று இளையராஜா அறிவித்தார்.

அவர் சொன்னதை நான் மதிக்கிறேன். அவருடைய அனுபவத்துக்கு அவரே சாட்சி. பாவலர் வரதராசனின் தம்பியாக, கம்யூனிஸ்ட் மேடைகளில் ஆர்மோனியத்தோடு ஊர் ஊராக அலைந்து, பின்பு இந்தியத் திரையிசையையே மாற்றியவருக்கு நாம் அடையாளம் சூட்டத் தேவையில்லை. துறையின் விளக்கத்தையும் உள்ளபடியே எடுத்துக்கொள்கிறேன்: விதி எல்லோருக்கும் பொது. அப்படியானால் விதியைத்தான் கேட்க வேண்டும். எல்லோருக்கும் மூடிய படி சிலருக்கு மட்டும் திறக்கிறது. அந்தச் சிலர் யார் என்பதைத் திறமையா, பயிற்சியா, பிறப்பா, எது முடிவு செய்கிறது? பரம்பரை அர்ச்சகர் உரிமையை ஒழிக்கும் சட்டத்தைத் தமிழ்நாடு 1970இலேயே இயற்றியது. அரசுப் பயிற்சி பெற்ற பல சாதி அர்ச்சகர்கள் 24 பேருக்கு 2021 ஆகஸ்டில்தான் பணி ஆணை கிடைத்தது. இடையில் அரை நூற்றாண்டு. பாசுரத்துக்கு இசையமைத்தவரை வரவேற்கிற மண்டபம் ஒன்று, நிறுத்துகிற மண்டபம் ஒன்று என்று இருக்கிறவரை, நந்தனார் காலத்து வரைபடம் முழுவதும் அழியவில்லை என்றே பொருள்.

7. நம் ஊர் மேடைக்கு

ராஜபாளையம் கலைக்குப் புதிய ஊர் அல்ல. சென்னை மாகாண முதல்வராக இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா தம் வீட்டையே கொடுத்து உருவாக்கிய காந்தி கலை மன்றம் இந்த ஊரில் இருக்கிறது. கலைக்காக வீடு கொடுக்கும் மரபு உள்ள ஊரில், தெருவில் நின்று வாசித்தவருக்கும் ஒரு மேடை கேட்பது மிகையாகாது.

அப்படி ஒரு மேடையை மாணவர்களும் இயக்கத் தோழர்களும் போடும்போது சிலவற்றை விதியாக வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். தப்பும் உறுமியும் பேண்டு செட்டும் விருந்தினரை வாசலில் வரவேற்கும் அலங்காரமாக நிற்கக் கூடாது. கிடார் ஏறும் அதே மேடையில், அதே ஒலிபெருக்கியில், அழைப்பிதழில் பெயரோடு ஏற வேண்டும். வாசித்த ஒவ்வொருவரின் பெயரையும் அறிவிக்க வேண்டும், 'மற்றும் குழுவினர்' என்று முடிக்கக் கூடாது. ஊதியத்தை முன்பே எழுத்தில் பேச வேண்டும். 'சமூக சேவைதானே' என்று நம் ஆட்களிடம் மட்டும் குறைத்துக் கேட்கும் பழக்கம் நம் இயக்கங்களிலும் இருக்கிறது, அது களத்து மூலைச் சுதந்திரத்தின் மிச்சம். பறையைத் தொட விரும்பாத தலித் இளைஞர் கீபோர்டோடு வந்தால் அவரை ஏன் பறை இல்லை என்று கேட்கக் கூடாது. விரும்பாததை விடும் உரிமைக்குத்தான் நம் முன்னோர் அடி வாங்கினார்கள்.

இன்னொரு வேலையும் இருக்கிறது. சாமி அடி, சாவு அடி, கல்யாண அடி என்று இந்த வட்டாரத்தில் வழங்கும் அடிகளையும், அவற்றை அறிந்த மூத்தவர்களின் பெயர்களையும் வாழ்க்கைகளையும் பதிவு செய்வது. அடியை மட்டும் பதிந்தால் நாட்டாரியல் ஆகும். யாருக்காக அடித்தார், என்ன கொடுத்தார்கள், எங்கே நிற்க வைத்தார்கள், எப்போது மறுத்தார் என்பதையும் சேர்த்துப் பதிந்தால்தான் வரலாறு ஆகும். சமூகவியல் படிக்கிற மாணவர்கள் ஆய்வுத் தலைப்பு தேடி வெளியூர் போக வேண்டியதில்லை. உங்கள் தெருவிலேயே எழுபது வயதில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவரிடம் முதலில் பெயரைக் கேளுங்கள்.

ஜெய்பீம்.